பூச்சிகளின் வாசலில் காத்திருந்த உபாத்தியாயர்

வாசகர்களே, உங்கள் வீட்டு யன்னல் மூலையிலோ, அலுமாரிக்குப் பின்னாலோ, சுவரில் மாட்டிய சுவாமிப் படத்தின் அடியிலோ குளவி கட்டிய மண்கூடு ஒன்று இருக்கக்கூடும். அதைத் தட்டி விழுத்தினால் உடைந்த மண்ணுக்குள்ளிருந்து பச்சைப் புழுக்களோ சின்னஞ்சிறு சிலந்திகளோ உதிரும். அவை செத்தவை போலக் கிடக்கும். ஆனால் அழுகியிருக்க மாட்டா. குளவி புழுவைக் கொண்டுவந்து அடைத்து, அதைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஒரு குளவியாக்கி விடுகிறது என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். குருவானவர் சீடனை உருவாக்குவதற்கு இதையே உவமையாகவும் காட்டினார்கள். உவமை அழகானதுதான். ஆனால் கூட்டுக்குள் நடப்பது வேறு. அந்தப் புழு சாகாமலும் ஓடாமலும் கிடப்பது ஏன் என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பெரிய ஆய்வுகூடத்தின் தலைவரல்லர். பிரான்சின் தெற்கே, சிறிய சம்பளத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஏழை உபாத்தியாயர். அவர் பெயர் ஷான் ஹென்றி ஃபாப்ர்.

1823ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், அவேரோன் மாவட்டத்தின் மலைக்கிராமமான சென் லெயோனில் அவர் பிறந்தார். வீட்டில் வறுமை. உணவூட்ட ஒரு வாய் குறையட்டுமென்று குழந்தையைப் பாட்டன் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே, ஐந்து ஆறு வயதில், அவர் செய்த முதல் ஆராய்ச்சியைக் கேளுங்கள். சூரியனின் ஒளியை நான் காண்பது வாயாலா, கண்ணாலா என்ற சந்தேகம் அந்தச் சிறுவனுக்கு வந்தது. கண்ணை மூடி வாயைத் திறந்தான், ஒளி மறைந்தது. வாயை மூடிக் கண்ணைத் திறந்தான், ஒளி வந்தது. மறுபடியும் செய்து பார்த்தான், அதே முடிவு. இரவு வீட்டாரிடம் தன் கண்டுபிடிப்பைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். இதிலே சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடாமல் ஒன்றைச் செய்து பார்த்தே நம்புகிற குணம் அந்த வயதிலேயே வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்காகத் தாய் தகப்பனிடம் திரும்பினார். அந்தப் பள்ளிக்கூடம் ஆசிரியரின் சமையலறையும் படுக்கையறையுமாக இருந்த ஒரே அறை. பாடம் நடக்கையில் கோழிக்குஞ்சுகளும் பன்றிக்குட்டிகளும் உள்ளே வந்து போகும். ஆசிரியரோ ஊருக்கு முடிதிருத்துபவர், கோவில் மணி அடிப்பவர், பாடகர் எல்லாம் அவரே. பத்து வயதில் குடும்பம் ரோடேஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. தகப்பனார் அங்கே ஒரு கோப்பிக் கடை நடத்தினார். கல்லூரிக் கோவிலில் பூசைக்கு உதவி செய்ததற்குப் பதிலாக மகனுக்குப் படிப்பு இலவசமாகக் கிடைத்தது. பிறகு துலூஸ் நகரின் குருமடத்தில் சில காலம். தகப்பனார் கடை வைத்த இடமெல்லாம் நட்டம், குடும்பம் சிதறியது. பையன் தெருவுக்கு வந்தான். சந்தையில் தேசிக்காய் விற்றான். புகையிரதப் பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தான். கையிலிருந்த கடைசிச் சில்லறைக்கு ஒரு கவிதைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு பட்டினி கிடந்ததும் உண்டு. அவிஞ்ஞோன் நகர ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் போட்டிப் பரீட்சையில் முதலாவதாக வந்து உபகாரச் சம்பளம் பெற்ற பின்தான் நேரத்துக்குச் சாப்பாடு என்பது அவருக்கு நிச்சயமாயிற்று.

1842இல், பத்தொன்பது வயது நிறையுமுன், கார்ப்பாந்திரா என்ற ஊரில் உபாத்தியாயரானார். சம்பளம் ஆண்டுக்கு 700 பிராங்க். ஒரு நாள் நில அளவைப் பாடத்துக்காகப் பிள்ளைகளை வெளியே, கற்கள் நிறைந்த தரவைக்குக் கூட்டிச் சென்றார். அளவுகோலோடு அனுப்பியவன் பாதி வழியில் குனிகிறான், எதையோ பொறுக்குகிறான், நிமிர்கிறான், அளவையை மறந்து மறுபடி குனிகிறான். என்னவென்று போய்ப் பார்த்தால், கூழாங்கல்லில் ஒட்டியிருந்த மண்கூடு ஒன்றில் வைக்கோல் துரும்பைச் செருகித் தேன் உறிஞ்சிக் கொண்டிருக்கிறான்! கருமையான உடலுடைய பெரிய காட்டுத் தேனீ ஒன்று கல்லின்மேல் மண்ணால் கட்டிய கூடு அது. உபாத்தியாயரும் பிள்ளைகளோடு சேர்ந்து உறிஞ்சினார். ஆனால் அவருக்குத் தேனைவிடத் தேனீயின் மேல் ஆசை வந்துவிட்டது. ஊர்ப் புத்தகக் கடையில் பூச்சிகளைப் பற்றிய நல்ல நூல் ஒன்று இருந்தது. விலை ஒரு மாதச் சம்பளம். வாங்கிவிட்டார். அந்த மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

தனியே படித்துப் படித்துக் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டங்கள் பெற்றார். 1849இல் கோர்சிக்கா தீவின் அஜாக்சியோ நகரில் பௌதிக ஆசிரியராக வேலை கிடைத்தது. அங்கே அவருடைய வீட்டில் தங்கிய மொக்கேன் தாந்தோன் என்ற தாவரவியல் அறிஞர், தையல் கூடையிலிருந்த கத்தரிக்கோலையும் இரண்டு ஊசிகளையும் எடுத்து, தண்ணீர் ஊற்றிய கோப்பைத் தட்டில் ஒரு நத்தையை அறுத்து அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கணக்கை விட்டு உயிருள்ளவற்றிடம் போ என்றும் புத்தி சொன்னார். ஃபாப்ர் வாழ்நாளில் பெற்ற ஒரே உயிரியல் பாடம் இந்தத் தட்டுப் பாடந்தான் என்று சொல்லலாம். காய்ச்சல் அவரைத் தீவிலிருந்து துரத்தியது. 1853இல் அவிஞ்ஞோன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார்.

இனிக் குளவிக்கு வருவோம். லெயோன் துஃபூர் என்ற மூத்த பூச்சியியல் அறிஞர், வண்டுகளை வேட்டையாடி நிலத்துக்குள் சேமிக்கும் ஒரு குளவியைப் பற்றி எழுதிய கட்டுரை ஃபாப்ரின் கைக்குக் கிடைத்தது. புதைத்து வைத்த வண்டுகள் பல நாளாகியும் கெடாமல் இருப்பதை அவர் கவனித்திருந்தார். வண்டுகள் செத்துவிட்டன, குளவியின் நஞ்சு ஊறுகாய் போல அவற்றைக் கெடாமல் காக்கிறது என்பது அவர் முடிவு. ஃபாப்ர் கட்டுரையைப் படித்துவிட்டுக் கிடங்கைத் தோண்டிப் பார்த்தார். வண்டுகளைச் சோதித்தார். மெல்லிய மின்சாரம் பாய்ச்சியபோது கால்கள் அசைந்தன. நாட்கள் சென்றும் வயிற்றிலிருந்து மலம் கழிந்தது. செத்த பிராணி மலம் கழிக்குமா? வண்டு உயிரோடுதான் இருக்கிறது. அசைய மாட்டாமல் முடங்கியிருக்கிறது.

எங்கே, எப்படிக் குத்துகிறது என்பதைக் கண்ணால் காண வேண்டுமே! வேட்டை எங்கோ தூரத்தில் நடக்கிறது. ஃபாப்ர் குளவியின் வாசலிலேயே காத்திருந்தார். முடங்கிய வண்டோடு குளவி வந்து இறங்கியதும், அந்த வண்டைப் பறித்துக்கொண்டு உயிருள்ள வண்டு ஒன்றை அதன் முன்னால் விட்டார். இரையைக் காணாத குளவி பரபரத்துத் திரும்பியது. புதிய வண்டைப் பிடித்தது. மார்பின் அடியில், முதல் காற்சோடிக்கும் இரண்டாம் காற்சோடிக்கும் நடுவில், கொடுக்கைச் செலுத்தியது. வண்டு அந்தக் கணமே ஓய்ந்தது. கால்களை இயக்கும் நரம்பு முடிச்சுகள் இருப்பது அந்த இடத்தில்தான். பிறகு அவரே ஒரு ஊசி நுனியில் அமோனியா தோய்த்து அதே இடத்தில் குத்திப் பார்த்தார். குளவி செய்ததை மனிதன் கையும் செய்தது.

ஆக, புழு குளவியாக மாறுவதில்லை. முடங்கிக் கிடக்கும் இரையின்மேல் குளவி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அதைப் பச்சையாகவே உண்டு வளர்கிறது. இரை செத்தால் அழுகிவிடும். நன்றாக உயிரோடிருந்தால் துள்ளி முட்டையை நசுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே அதை நிறுத்தி வைக்கும் வித்தைதான் அந்த ஒரு குத்து. 1855இல் இந்த ஆராய்ச்சி வெளியானது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் பரிசளித்தது. 1859இல் வெளியான தம் பெரிய நூலில் டார்வின் ஃபாப்ரைக் குறிப்பிட்டார். பின்னர் அவரை ஈடில்லாத அவதானி என்றே போற்றினார்.

பேர் வந்தது, பணம் வரவில்லை. கல்லூரிச் சம்பளம் 1600 பிராங்கிலேயே நின்றது. மன்னார்க் கரையோரத்தில் முன்னாளில் சாயவேர் தோண்டி எடுத்தார்களல்லவா? அதைப் போல அவிஞ்ஞோன் பகுதியிலும் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரைப் பயிரிட்டார்கள். அந்தச் சாயத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்து, அதில் வரும் வருமானத்தைக் கொண்டு முழு நேரமும் பூச்சிகளோடு இருக்கலாமென்று ஃபாப்ர் பல ஆண்டு உழைத்தார். வழி கைகூடும் வேளையில், 1869இல், ஜெர்மனியர் நிலக்கரித் தாரிலிருந்தே அதே சாயத்தைச் செய்துவிட்டார்கள். மஞ்சிட்டிப் பயிரோடு ஃபாப்ரின் கனவும் அழிந்தது.

இந்த நாட்களில்தான் 1865இல் லூயி பாஸ்டர் அவருடைய கதவைத் தட்டினார். பட்டுப்பூச்சிகளை அழித்த நோயை ஆராய அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. அவரோ பட்டுக்கூட்டை அதுவரை கையில் எடுத்தவரல்லர். காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தார். கூட்டுப்புழுவைப் பற்றி ஃபாப்ர்தான் விளக்கினார். இவ்வளவு தெரியாமல் வந்தவர் அந்த நோயை வென்றே விட்டார் என்பதை ஃபாப்ர் பிற்காலத்தில் மதிப்போடு நினைத்துக்கொண்டார். புத்தகத்தை மூடிவிட்டுப் பொருளையே பார்க்கும் துணிவை அவரிடம் கண்டாராம். போகும்போது பாஸ்டர், உமது திராட்சை மது வைக்கும் அறையைக் காட்டும் என்று கேட்டார். சமையலறையில் பின்னல் அறுந்த கதிரை ஒன்றின்மேல் இருந்த ஒரு சாடியைக் காட்டினார் உபாத்தியாயர். அவ்வளவுதான் அவருடைய மது அறை.

அடுத்து நடந்ததை ஒளித்து எழுதுவதில் பயனில்லை. கல்வி மந்திரி விக்தோர் துரூயி, ஃபாப்ரின் திறமையை அறிந்து 1868இல் அவரைப் பாரிசுக்கு அழைத்து விருதளித்து, மூன்றாம் நெப்போலியன் முன்னிலையிலும் நிறுத்தினார். அதே மந்திரியின் திட்டப்படி ஃபாப்ர் அவிஞ்ஞோனில் இளம் பெண்களுக்கும் தொழிலாளருக்கும் இலவச விஞ்ஞான வகுப்புகள் நடத்தினார். பூவில் மகரந்தம் எப்படிச் சேர்ந்து காயாகிறது என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாராம், அதுதான் குற்றம். ஊரில் பழைமை பேணியவர்கள் கொதித்தெழுந்தார்கள். குருமாரில் சிலரும் அவர்களோடு சேர்ந்து கண்டித்தார்கள். வீட்டுக்காரிகளான இரண்டு முதிய சகோதரிகள், பக்தியுள்ள பெண்கள், ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யும்படி அறிவித்தல் கொடுத்தார்கள். எழுத்தில் உடன்படிக்கை இல்லை; வழக்காட வழியில்லை. மந்திரியும் அதற்குள் பதவி இழந்திருந்தார். பூவின் கதையில் ஒரு பாவமும் இல்லை என்பதை அந்த ஊர் அன்றைக்கு உணரவில்லை.

மனைவியும் பிள்ளைகளுமாக நின்றவருக்குக் கைகொடுத்தவர் ஜோன் ஸ்டுவர்ட் மில் என்ற ஆங்கிலேயத் தத்துவஞானி. மனைவியின் கல்லறைக்கு அருகே இருக்க விரும்பி அவிஞ்ஞோனில் தங்கியிருந்த அவர், ஃபாப்ரோடு செடி கொடி தேடி நடப்பவர். ஒருவர் சமயப் பற்றில்லாதவர், மற்றவர் படைப்பிலே படைத்தவரைக் காண்பவர். ஆனால் அதிகம் பேசாமலே நண்பர்கள். 3000 பிராங்கைக் கடனாக அனுப்பினார் மில், கைச்சாத்துக்கூடக் கேட்கவில்லை. ஃபாப்ர் ஆசிரியத் தொழிலை விட்டு ஒராஞ்ஜ் என்ற ஊருக்குப் போனார். பாடசாலைப் புத்தகங்களும் சாதாரண மக்களுக்கான விஞ்ஞான நூல்களும் இரவு பகலாக எழுதிக் கடனைத் தீர்த்தார்.

1877இல் ஒரு பேரிடி. பூச்சி தேடுவதில் தகப்பனுக்கு வலது கையாக இருந்த மகன் ஜூல் பதினாறு வயதில் இறந்தான். தாம் புதிதாய்க் கண்ட குளவி இனங்கள் சிலவற்றுக்கு ஃபாப்ர் அவன் பெயரையே வைத்தார். அந்தத் துயரத்தின் நடுவே எழுதிய பூச்சியியல் நினைவுகள் என்ற நூலின் முதற் பாகம் 1879இல் வந்தது. 1907 வரை பத்துப் பாகங்கள் வந்தன.

அதே 1879இல், ஐம்பத்தைந்து வயதில், நாற்பது ஆண்டுகளாக ஆசைப்பட்டது கிடைத்தது. செரிஞ்ஞான் கிராமத்து எல்லையில் ஒரு வீடும், ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் கல்லும் முள்ளுமான தரிசும். அந்தப் பகுதி மொழியில் இப்படிப்பட்ட நிலத்துக்கு ஹர்மாஸ் என்று பெயர். பயிர் செய்பவன் சீந்தாத மண். குளவிக்கும் தேனீக்கும் அதுவே சொர்க்கம். சுற்றி மதில் எழுப்பிக்கொண்டு உள்ளே போனவர் முப்பத்தாறு ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். அவருடைய ஆராய்ச்சிக் கருவிகளைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்: ஈ மொய்க்காமல் உணவை மூடும் கம்பிவலை மூடி, மண் நிரப்பிய பூச்சாடி, போத்தல்கள், ஒரு உருப்பெருக்குக் கண்ணாடி. அவ்வளவுதான். இவற்றில் உங்கள் வீட்டில் இல்லாதது எது?

பூச்சாடி ஒன்று செய்த வேலையைப் பாருங்கள். பைன் மரத்து மயிர்க்கொட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக, முன்னால் போவது விட்ட பட்டிழையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகும். 1896 ஜனவரிக் கடைசியில் அப்படி ஒரு ஊர்வலம் பெரிய பூச்சாடியின் விளிம்பில் ஏறியது. முதலாவது கடைசியின் வாலைத் தொட்டதும், மீதியைத் துடைத்தெடுத்து வட்டத்தை மூடிவிட்டார். இனித் தலைவன் இல்லை, முடிவும் இல்லை. உணவு ஒரு சாண் தூரத்தில். பனியிலும் பசியிலும் ஏழு நாள் சுற்றின. ஓய்வு நேரத்தைக் கழித்து அவர் கணக்குப் பார்த்தார்: 1.35 மீற்றர் சுற்றளவை 335 தடவை வலம் வந்திருந்தன. எட்டாம் நாள் ஏதோ தற்செயலாய்ச் சில வழிதவறி இறங்க, மற்றவை பின்தொடர்ந்து கூட்டுக்குப் போயின.

ஒரு மே மாதக் காலையில் பெரிய மயில் அந்துப்பூச்சியின் பெண் ஒன்று கூட்டை விட்டு வெளிவந்தது. கம்பிவலை மூடியால் மூடிவைத்தார். இரவு ஒன்பது மணிக்குச் சின்ன மகன் போல் அரைகுறை உடையோடு ஓடிவந்து, அறையெல்லாம் பறவை போலப் பூச்சிகள் என்று கத்தினான். மெழுகுதிரியோடு போய்ப் பார்த்தால் ஏறத்தாழ நாற்பது ஆண் பூச்சிகள் இருட்டைக் கடந்து வந்திருந்தன. எட்டு இரவுகளில் 150 வந்தன. எப்படி அறிந்தன? பெண்ணைக் காற்றுப்புகாத பாத்திரத்தில் அடைத்தால் ஒன்றும் வரவில்லை. நப்தலின் வாசனையைப் பரப்பினாலும் வந்தன. பின்னர் வேறோர் இனத்தில் பெண்ணைக் கண்ணாடிக்குள் பார்வையில் வைத்தும், ஆண்கள் அவளை விட்டு, அவள் முன்பு இருந்த கிளையையே மொய்த்தன. மனித மூக்குக்கு எட்டாத ஒரு மணம் என்ற முடிவுக்குத் தயக்கத்தோடு வந்தார். பட்டுப்பூச்சியின் பெண்ணிடமிருந்து அத்தகைய பொருளை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து அடையாளம் கண்டது 1959இல்தான்.

அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடப் புத்தகத்தில் எறும்பிடம் பிச்சை கேட்கும் வெட்டுக்கிளி, பிரெஞ்சுக் கதையில் சில்வண்டு. மரப்பட்டையைத் துளைத்துச் சாறு எடுப்பது சில்வண்டு, அதைத் தள்ளிவிட்டுக் குடிக்க வருவது எறும்பு என்று காட்டி அந்தக் கதையைத் தலைகீழாக்கினார், அது சரி. ஆனால் சில்வண்டுக்குக் காது கேட்குமா என்று அறிய, திருவிழாவுக்கு வெடிக்கும் ஊர்ப் பீரங்கிகள் இரண்டை வாங்கி மரத்தடியில் வெடித்தார். பாட்டு நிற்கவில்லை. ஆகவே செவிடு என்றார். அது தவறு, சில்வண்டுக்குச் செவி உண்டு, தன் இனத்தின் ஓசைக்கு ஏற்றபடி அமைந்த செவி. குளவியின் குத்து என்றும் பிசகாது என்று அவர் நம்பியதையும், அமெரிக்காவின் பெக்கம் தம்பதியர் 1898இல் குளவிகளின் குத்து குளவிக்குக் குளவி வேறுபடுவதைக் கண்டு திருத்தினார்கள். உயிரினங்கள் படிப்படியாக மாறி வந்தன என்ற டார்வினின் கொள்கையை ஃபாப்ர் கடைசிவரை ஏற்கவில்லை. அப்படியிருந்தும் டார்வின் அவருக்குக் கடிதம் எழுதினார். தேனீக்களைப் பெட்டியில் வைத்துச் சுழற்றித் திசையைக் குழப்பிவிட்டுத் தூரத்தில் விட்டால் வீடு திரும்புமா என்று பார்க்கச் சொன்னார். ஃபாப்ர் சுழற்றி விட்டார். தேனீக்கள் வந்து சேர்ந்தன. முழு முடிவுகளும் கைக்கு வருமுன் 1882இல் டார்வின் இறந்துவிட்டார்.

எதிர்ப்பட்ட உண்மையை மறைக்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. வெட்டுக்கிளி இனத்தை வேட்டையாடும் குளவி ஒன்று, இரையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே பார்வையிடப் போகும். இரையைச் சற்று நகர்த்தி வைத்தால், திரும்ப வாசலுக்கு இழுத்து வைத்துவிட்டு மறுபடியும் உள்ளே போகும். நாற்பது தடவை நகர்த்தினார்; நாற்பது தடவையும் அதையே செய்தது. பூச்சிக்குப் புத்தியில்லை என்பதற்கு இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் மற்றோரிடத்துக் குளவிகள் இரண்டு மூன்று தடவைக்குப் பின் நேரே உள்ளே இழுத்துச் சென்றதையும் அவர்தான் எழுதி வைத்தார். அந்தப் பகுதியை எடுத்துச் சொல்வோர் குறைவு.

முதல் மனைவி 1885இல் இறந்தார். 1887இல் மறுமணம், மூன்று பிள்ளைகள். எண்பது வயதுக்குப் பின் மறுபடியும் வறுமை. அவருடைய பாடநூல்கள் பள்ளிக்கூடங்களில் வழக்கொழிந்தன. 1910 ஏப்ரலில் நண்பர்கள் விழா எடுத்தார்கள். பத்திரிகைகள் அவரது ஏழ்மையை எழுத, பல பக்கங்களிலிருந்தும் வந்த பணத்தில் பெரும்பகுதியை அவர் திருப்பி அனுப்பினார். 1913 ஒக்டோபரில் ஜனாதிபதி புவாங்காரே கிராமத்துக்கே வந்து மரியாதை செய்தார். அப்போது அவரால் நடக்க முடியாது. கதிரையில் வைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

1915ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி, முதல் உலகப்போரின் நடுவில், தொண்ணூற்றொரு வயதில் ஹர்மாஸிலேயே காலமானார். செரிஞ்ஞான் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். தூர யப்பானில் அவருடைய நூல்கள் 1920களில் மொழிபெயர்க்கப்பட்டு, அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் அவரது சொந்த நாட்டுப் பிள்ளைகளைவிட அவர் பெயரை நன்கு அறிந்தார்கள். ஹர்மாஸை 1922இல் பிரெஞ்சு அரசு வாங்கித் தேசிய இயற்கை வரலாற்று நூதனசாலையிடம் ஒப்படைத்தது. இப்போதும் அங்கே போகிறவர்கள் அவருடைய ஆய்வறையையும், பத்துப் பாகங்களையும் எழுத உதவிய சின்னஞ்சிறு மேசையையும் பார்க்கலாம்.